வயிறு நிறைந்த மணி

பிரியந்தினி அனுப்பும் படங்களைத் திங்கட்கிழமை காலையில், தேநீர் குடித்து முடித்த பிறகுதான் திறப்பது என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன்.

அவள் என்னிடம் ஐந்தாம் ஆண்டு படித்தவள். இப்போது இருபத்துநான்கு வயது. மண்வளம் பற்றிப் படிப்பதற்கு ஓராண்டுப் புலமைப்பரிசில் பெற்று ஜேர்மனிக்குப் போயிருக்கிறாள். கிழமை நாட்கள் ஆய்வுகூடத்திலேயே கழிந்துவிடுமாம். சனி, ஞாயிறு வந்தால் அறைக்குள் இருக்க முடிவதில்லையாம். வீட்டு நினைவு வந்து சுவரைப் பார்த்து அழ வேண்டியிருக்கிறதாம். ஆகவே இரண்டு பாண் துண்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவாள். ஒரு கிழமை அருங்காட்சியகம், மறு கிழமை பழைய கோட்டை, அதற்கடுத்த கிழமை யாரோ ஓர் அரசனுடைய நினைவுத்தூண். பார்த்தவற்றைப் படம் பிடித்து ஞாயிறு இரவு எனக்கு அனுப்புவாள். அவை வந்து சேரும்போது இங்கே நாங்கள் உறங்கிக்கொண்டிருப்போம்.

"படத்துக்கு ஒரு கதை தரவேணும் சேர்," என்று புறப்படும் முன்னரே நிபந்தனை போட்டிருந்தாள். "கதை வராட்டி அடுத்த கிழமை படமும் வராது."

முப்பத்துநான்கு ஆண்டுகள் மிருகங்களையும் மரங்களையும் பேச வைத்தே நான் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்றபின் கேட்பாரில்லாமல் அவையெல்லாம் வாயடைத்துக் கிடந்தன. அவளுடைய நிபந்தனை எனக்குப் பெரிய கொடை. ஒரு தடவை மூக்கு உடைந்த கற்சிங்கமொன்றின் படம் வந்தது. அதற்குக் குரல்பதிவாக இப்படி ஒரு கதை அனுப்பினேன்: அந்தச் சிங்கத்தின் காதுக்குள் முட்டையிட ஒரு புறா வந்தது. ‘நான் கர்ச்சித்தால் உன் முட்டைகள் நொறுங்கிப்போகும், ஓடிவிடு’ என்றது சிங்கம். ‘எங்கே, ஒருமுறை கர்ச்சித்துக் காட்டுங்கள்’ என்றது புறா. முந்நூறு ஆண்டுகளாகச் சிங்கம் யோசித்துக்கொண்டிருக்கிறது. புறாவின் பேரப்பிள்ளைகளும் அதே காதுக்குள்தான் முட்டையிடுகின்றன.

"அந்தப் பிள்ளை படிக்கப் போனதோ, உங்கட சிங்கத்துக்கும் புறாவுக்கும் பேன் பார்க்கப் போனதோ," என்று என் மனைவி விமலேஸ்வரி கேலி செய்வாள். ஆனாலும் திங்கட்கிழமைகளில் தேநீரைச் சற்று முந்தியே ஊற்றித் தந்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிடுவாள்.

மாசி மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. முதற்படத்தில் பெரியதொரு கட்டடத்தின் வாசல். இரண்டாவதில் கண்ணாடித் தட்டுகளில் வரிசையாகப் பழைய படைவீரர்களின் சப்பாத்துகள். மூன்றாவது படத்தின் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "சேர், எங்கட பள்ளிக்கூட மணியின்ர தங்கச்சியை இஞ்ச கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கினம். பாவம், வயித்தைக் கீறிப்போட்டாங்கள். பூட்டப் போறமெண்டு எல்லாரையும் வெளிய கலைச்சதில ஒண்டும் வாசிக்க நேரமில்லை. நல்ல கதையொண்டு வேணும்."

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிறம் ஒன்றைத் தவிர, அது எங்கள் மணியேதான்.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலொன்றின் கரையில் எங்கள் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. என் வீட்டிலிருந்து மூன்று மைல். போர் முடிந்து நாங்கள் மீளக் குடியேறியபோது அங்கே சுவர்கள் மட்டுமே நின்றன. தறப்பாள் விரிப்பைக் கூரையாகக் கட்டி வகுப்புகளைத் தொடங்கினோம். மணிக்கு வழியில்லை. பள்ளிக்கூடங்களில் வழக்கமாகத் தொங்கும் தண்டவாளத் துண்டும் கிடைக்கவில்லை. தண்டவாளங்களெல்லாம் எப்போதோ பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போயிருந்தன. அப்போதுதான் என் அயலவரான அப்புத்துரை, வாய்க்காலுக்கு அப்பால் தம் வயலோரத்தில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த இரும்பு உருளை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினார். ஒன்றரை முழ நீளம், நல்ல பூசணிக்காயின் பருமன். ஒரு முனையில் கை நுழையக்கூடிய துளை இருந்தது. உள்ளே மண். விரலை விட்டு நோண்டிப் பார்த்தேன். நாலு விரல் ஆழத்துக்கு அப்பால் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது.

"வெறுங்கோது மாஸ்ரர். உள்ளுக்கு இருந்தது எப்பவோ போட்டுது," என்றார் அப்புத்துரை.

நானும் நம்பினேன். அந்நாட்களில் எறிகணையின் வெறுங்கோது எங்களுக்கு வீட்டுப் பாவனைப் பொருள். அதில் சிலர் பூச்செடி வைத்தார்கள். சிலர் வாசற்படிக்கு அணையாகப் போட்டார்கள். ஒரு வீட்டில் கோழிகள் அதில்தான் தண்ணீர் குடித்தன. துளை இருந்தால் அது கோது, துளை இல்லாவிட்டால் அது ஆபத்து. எங்களுக்குத் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான்.

நாலு பேர் கம்பு கொடுத்துத் தூக்கினோம். "கலியாணம் முடிச்ச காலத்தில என்ர மனிசி கூட இவ்வளவு பாரமில்லை," என்று அப்புத்துரை மூச்சிரைக்கச் சொன்னார், எல்லோரும் சிரித்தோம். கட்டடத்தின் பின்புறத்துப் பாலை மரக் கிளையில் இரண்டு சங்கிலி போட்டுப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டோம். துளையிருந்த முனை விறாந்தையைப் பார்த்தபடி இருந்தது. மறுமுனை வேலியோரத்தில், பட்டால் அரிக்கும் காஞ்சோண்டிப் பற்றைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.

நான் இரும்புக் கம்பியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ‘டொக்’ என்றது. அவ்வளவுதான். கோயில் மணியைப்போல் இழுத்துப் பாடவில்லை. சளி பிடித்த மணி என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். ஆனாலும் காற்றுக்கு எதிரே அரை மைல் வரை கேட்டது; எங்களுக்கு அது போதுமாயிருந்தது. ஒருநாள் ஒரு பிள்ளை என் மேசையடிக்கு வந்து, "மணிக்குள்ள என்ன சேர் இருக்கு?" என்று கேட்டது. நான் உடனே ஒரு கதை கட்டினேன். அந்த மணி ஒரு கலியாண வீட்டுக்குப் போய் மூன்று பேருடைய சாப்பாட்டைத் தனியே தின்றுவிட்டது. பாடச் சொன்னபோது வயிறு முட்டிப் பாட்டு வரவில்லை, ஏப்பந்தான் வந்தது. அந்த ஏப்பத்தைத்தான் நாங்கள் நாள்தோறும் கேட்கிறோம். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் சொன்னேன்.

மணிப்பொறுப்பு என்று ஒரு வழக்கத்தையும் நான்தான் ஏற்படுத்தினேன். தறப்பாளுக்குத் தறப்பாள் இடம் மாறி வளர்ந்த பிள்ளைகளுக்கு நேரம் என்பதே மறந்துபோயிருந்தது. ஆகவே ஐந்தாம் வகுப்பில் நன்னடத்தையால் சிறந்த பிள்ளைக்கு ஒரு கிழமைக்கு மணியைக் கொடுத்தேன். அது பரிசு. பச்சைச் சின்னம் குத்திக்கொள்ளலாம். காலை ஏழு இருபத்தைந்துக்கு முதல் மணி; ஏழு முப்பத்தைந்துக்கு இரண்டாம் மணி; இடையில் மணியை விட்டு அசையக்கூடாது. அடித்த பிறகு கம்பியை மணியின் துளைக்குள் செருகிவிட வேண்டும். அடுத்த பொறுப்பாளரிடமன்றி வேறெவரிடமும் கம்பியைக் கொடுக்கக்கூடாது. கைமாறும்போது வாங்குபவர் இரு கைகளையும் நீட்டி, ‘நேரம் தவறாமல் அடிப்பேன்’ என்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகளாகியும் அந்த வழக்கத்தைப் புதிய அதிபர் தில்லைநாதன் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கதை சொல்வதற்கு ஏதாவது பிடி கிடைக்குமா என்று அந்தப் படத்தைப் பெருப்பித்தேன்.

உருளையை நீளவாக்கில் பிளந்து, உள்ளே தெரியும்படி வைத்திருந்தார்கள். முன்னே துளை. துளைக்குப் பின் நாலு விரல் ஆழத்துக்கு ஒரு சிறு குழி. அந்தக் குழியின் அடியிலிருந்து வால்வரை மஞ்சளாக ஏதோ இறுக நிரம்பியிருந்தது. கண்ணாடியின் மூலையில் ஓர் அட்டை. ஜேர்மன் மொழியின் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ‘முன்புறத் துளையைக் கண்டு இது வெறுமையானது எனப் பலர் ஏமாந்துள்ளனர். வெடிமருந்து உள்ளேயே உள்ளது. வெடிக்கச் செய்யும் பொறி பின்முனையில் உள்ளது. பல பத்தாண்டுகள் கடந்தும் இவ்வகை வெடித்ததுண்டு.’

இரண்டாம் முறை வாசித்தேன். என் சுட்டுவிரல் தானாகவே மடங்கிக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தத் துளைக்குள் போய், கடினமாக எதையோ தட்டிப் பார்த்த விரல் அது. அங்கே தட்டுப்பட்டது இரும்பென்றுதான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா, ஏன் முகம் இப்பிடி வெளிறிப்போச்சு?" என்றாள் விமலேஸ்வரி.

போனை அவளிடம் நீட்டினேன். அவளும் ஆசிரியையாக இருந்தவள். வாசித்துவிட்டு எழும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு மணி.

"தில்லைநாதனுக்குப் போன் அடியுங்கோ."

அடித்தேன். மணி போய்க்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பார். மீண்டும் அடித்தேன்.

"போனை என்னட்டத் தந்திட்டு நீங்கள் போங்கோ. அவருக்கும் பொலிசுக்கும் நான் மாறி மாறி அடிக்கிறன்," என்றாள். "போங்கோவன். நிண்டு யோசிக்கிற நேரமே?"

வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு அப்புத்துரையின் முற்றத்துக்கு ஓடினேன். அவர் பல் துலக்கிக்கொண்டு நின்றார்.

"மோட்டச்சைக்கிளை எடுங்கோ. பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும். கெதியா."

"என்ன மாஸ்ரர், பென்சன் காணாதெண்டு திரும்பப் படிப்பிக்கப் போறியளோ?"

"அந்த மணி வெறுங்கோதில்லை, அப்புத்துரை. உள்ளுக்கு நிரம்ப மருந்து. இப்ப படத்தில பார்த்தன்."

அவர் துப்பவும் மறந்து என்னைப் பார்த்தார். வாயோரத்தில் பற்பசை வழிந்தது. சாவியை எடுக்க உள்ளே போனவர் இருமுறை வெறுங்கையோடு திரும்பி வந்தார். மூன்றாவது முறைதான் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது தெரிந்தது.

வாய்க்கால் கட்டுப் பாதையில் ஏறியதும் காற்றுக்கு எதிராகக் கத்தினார். "பதினைஞ்சு வருசம் அடிச்சு வெடிக்காதது இண்டைக்கோ மாஸ்ரர் வெடிக்கப் போகுது?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் கைப்பிடியை முறுக்கினார். வேகம் கூடியது. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. ஒன்பதை ஆண்டின் இருநூறு பள்ளி நாட்களால் பெருக்கி, அதற்குமேல் போக முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதி வழியில் நெல் வெட்டும் மெசினொன்று கட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அறுவடைக் காலம். சாரதி கீழே இறங்கி நின்று யாருடனோ சாவகாசமாகக் கதைத்துக்கொண்டிருந்தான்.

"எடடா அதை! பள்ளிக்கூடத்தில..." என்று அப்புத்துரை தொடங்கினார். நான் அவருடைய தோளை இறுக்கிப் பிடித்தேன். செய்தி பரவினால் பெற்றோர் எல்லோரும் அலறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடுவார்கள். அந்த மரத்தடியில்தான் கூடுவார்கள். அப்புத்துரைக்கும் அது விளங்கிவிட்டது. ஒரு கணம் விழித்துவிட்டுச் சொன்னார்: "எடடா தம்பி, மாஸ்ரருக்கு வயித்தாலை போகுது. இதில வைச்சு மானத்தைக் கெடுக்காதை!"

சாரதி விழுந்து சிரித்தான். வயலில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே ஏறி மெசினைப் பின்னுக்கு எடுத்தான். அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

பள்ளிக்கூடக் கூரை தெரியத் தொடங்கிய இடத்தில் அது கேட்டது.

டொக்.

அப்புத்துரை பிறேக்கை அழுத்திவிட்டார். இருவரும் நடுக்கட்டில் நின்றோம்.

டொக். டொக்.

ஒவ்வோர் அடிக்கும் என் உடம்பு தானாகவே குனிந்தது. முதல் மணிக்கு ஐந்து அடி. அதுவும் நான் வைத்த கணக்கு. நாலாவதும் ஐந்தாவதும் வருவதற்குள் ஒரு காலம் கழிந்தது போலிருந்தது. பிறகு மௌனம். வயலில் கொக்குகள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. அப்புத்துரை மீண்டும் உதைத்துக் கிளப்பினார்.

தில்லைநாதன் தலைக்கவசத்தைக் கழற்றியபடி அலுவலக வாசலில் நின்றார். "வாங்கோ சேர். என்ன திடீரெண்டு? போன் அடிச்சுக்கொண்டே கிடந்தது, நீங்களோ?"

அவருடைய காதோடு சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

"அவசரமெண்டா நீள மணி அடிச்சுத்தானே சேர் பிள்ளையளை வெளியால எடுக்கிறது..." என்று தொடங்கினார். சொல்லி முடிப்பதற்குள் இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தைக் காலி செய்வதற்கு எங்களிடம் இருந்த ஒரே கருவி அந்த மணிதான்.

"நீங்கள் முன் படலையைப் பூட்டி ஒருத்தரையும் உள்ள விடாதேங்கோ. பிள்ளையளை நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றேன்.

முற்றத்தில் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்றார்கள். அண்ணன்மார் அக்காமாரிடம் என் கதைகளைக் கேட்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் சலசலத்தார்கள். கைகளைப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டேன்.

"பிள்ளையள், இண்டைக்குப் பிள்ளையார் கோயிலடியில கதை. வரிசை குழம்பாமல் என்னோட வாங்கோ. முதலாம் வகுப்பு முன்னுக்கு."

"என்ன கதை சேர்?"

"முதலைக் கதை."

"பல்லு விழுந்த முதலையோ சேர்?"

"பல்லு விழுந்த முதலைதான். வாங்கோ."

பக்கப் படலையால் வெளியேறி, இரண்டு வயல் தள்ளியிருந்த கோயிலை நோக்கி நடந்தோம். ஆசிரியைகள் பின்னால் வந்தார்கள். நான் நடந்துகொண்டே கதை சொன்னேன். முதலை கொக்கிடம் பல் கடன் கேட்டதென்று சொன்னது நினைவிருக்கிறது. மற்றது ஒன்றும் நினைவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலடியில் ஆசிரியைகள் எண்ணினார்கள். நூற்றுப்பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். நூற்றுப்பதினொருவர் இருந்தார்கள்.

"ஆர் இல்லை?"

"யதுர்ஷிகா சேர்," என்றது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொன்று. "அவ இந்தக் கிழமை மணிப்பொறுப்பு. ரெண்டாம் மணி அடிச்சிட்டுத்தான் வருவா. அசையக்கூடாதல்லோ."

நான் எழுதிய சட்டத்தை நானே மறந்து, அதைக் காத்து நிற்கும் பிள்ளையை அதனடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு முப்பத்திரண்டு. அறுபத்தாறு வயதில், வரப்பில், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். இடையில் ஒருமுறை விழுந்தேன். முழங்கால் உரிந்ததைப் பிறகுதான் கண்டேன்.

அவள் பாலை மரத்தடியில் நின்றாள். ஒல்லியான பிள்ளை, இரட்டைப் பின்னல், பச்சைச் சின்னம். கம்பியைத் தோளில் சார்த்திக்கொண்டு விறாந்தைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கைக்கும் மணிக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

ஓடிப் போய்ப் பறித்தால் அவள் வெருண்டு கம்பியை மணியிலேயே போட்டுவிடலாம். மூச்சை அடக்கி நடந்து போனேன்.

"பிள்ளை, கம்பியை என்னட்டத் தாங்கோ."

"இன்னும் ஒரு நிமிசம் இருக்கு சேர்."

"இண்டைக்கு ரெண்டாம் மணி இல்லை."

"பிரின்சிப்பல் சேர் சொல்லேல்லையே."

"நான் சொல்லுறன்."

அவள் தயங்கினாள். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "நீங்கள் இப்ப ரிட்டயர் சேர்."

கடிகாரத்தின் நீள முள் நகர்ந்தது. அவள் கம்பியைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் சரிசெய்து பிடித்தாள்.

"கம்பியை ஆரிட்டக் குடுக்கலாம்?" என்றேன்.

"அடுத்த பொறுப்பாளரிட்ட மட்டும்."

"நான்தான் அடுத்த பொறுப்பாளர்."

என் இரு கைகளையும் நீட்டினேன். "நேரம் தவறாமல் அடிப்பேன்," என்றேன். வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் அறிந்து சொன்ன முதற்பொய் அது. அவள் என் கைகளையும் இரத்தம் வழிந்த முழங்காலையும் பார்த்தாள். பிறகு கம்பியை இரு கைகளாலும் ஏந்தி என்னிடம் தந்தாள். அவளுடைய உள்ளங்கைச் சூடு அதில் இருந்தது. நான் அதைப் புல்லின்மேல் மெதுவாகக் கிடத்தினேன்.

"அங்க இல்லை சேர். ஓட்டைக்குள்ள வைக்கோணும்," என்று அவள் குனிந்தாள்.

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. இருவரும் நடந்தோம். படலையைத் தாண்டியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். "நேரம் போச்சுது சேர். மணி அடிபடேல்லை," என்றாள் கவலையோடு.

குண்டு செயலிழக்கச் செய்யும் குழுவினர் பத்து மணிக்கு வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி நீண்ட நேரம் மரத்தடியில் முழந்தாளிட்டிருந்தார். பின்பு எங்களிடம் வந்து, "யார் இதைத் தொங்கவிட்டது?" என்று கேட்டார்.

"நான்," என்றேன்.

"சங்கிலியை நான்தான் ஐயா சம்மட்டியால அடிச்சு இறுக்கினன்," என்றார் அப்புத்துரை.

"எந்தப் பக்கம்?"

அப்புத்துரை வால்முனையைக் காட்டினார். அதிகாரி மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். "பொறி அங்கேதான் இருக்கிறது," என்றார். "நன்றாகத் துருப்பிடித்திருக்கிறது. அந்தத் துரு உங்களைக் காப்பாற்றியதா, நாளைக்கே கொன்றிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கத்தில் அடிக்கவில்லை?"

"காஞ்சோண்டி ஐயா. கால் கடிக்கும்," என்றார் தில்லைநாதன்.

அப்புத்துரை மெல்லத் தரையில் குந்திவிட்டார். அந்தக் காஞ்சோண்டிப் பற்றையை வெட்டச் சொல்லி நான் அதிபராக இருந்தபோது மூன்று தடவை கட்டளையிட்டிருக்கிறேன். எவரும் வெட்டவில்லை. அவர்களுடைய சோம்பலுக்காக அன்று நான் கோபித்தும் இருக்கிறேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு, வெட்டி முடிந்த வயலொன்றின் நடுவே மண்மூட்டைகளை அடுக்கி அதை வெடிக்க வைத்தார்கள். பதினைந்து ஆண்டுகளாக ஏப்பம் மட்டுமே விட்ட மணி அன்று ஊரெங்கும் கேட்கப் பேசியது. தொலைவில் நின்ற எங்கள் காலடி மண் அதிர்ந்தது. நான், அப்புத்துரை, வந்து சேர்ந்திருந்த விமலேஸ்வரி, தாய்மார், ஆசிரியைகள் என அங்கு நின்ற பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே கணத்தில் குப்புற விழுந்து காதைப் பொத்தியிருந்தோம். எவரும் எவருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகள் மட்டும் நின்றபடியே, நாங்கள் ஏன் கிடக்கிறோம் என்று விளங்காமல் எங்களைப் பார்த்தார்கள்.

மூன்று மணிக்குப் பிரியந்தினிக்கு அழைப்பெடுத்தேன். அங்கே காலை பத்தரை.

"சேர்! கதை ரெடியோ?"

நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது.

"நான் மூண்டு கிழமை பொறுப்பா இருந்தனான் சேர்," என்றாள். "விடியக் குளிரா இருக்குமெண்டு காதை அதில வைச்சுக்கொண்டு நிக்கிறனான். அடிச்சிட்டும் வைச்சுப் பார்க்கிறனான். ஒரு இரைச்சலும் வராது. குடத்தைத் தட்டின மாதிரி இல்லை, நெல்லு மூட்டையைத் தட்டின மாதிரித்தான். அதுதான் வந்து கேட்டனான், மணிக்குள்ள என்ன சேர் இருக்கெண்டு."

"அண்டைக்குக் கேட்டது நீரோ?"

"ஓம் சேர். நீங்கள் கலியாண வீட்டுக் கதை சொன்னீங்கள். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சனான்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதற்காகவே, ஒரு வேடிக்கையை நினைவுகூர்வது போலச் சொன்னாள். நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை காதால் தேடிக் கண்டுபிடித்த உண்மையை என் மேசையில் கொண்டுவந்து வைத்தது. நான் அதன்மேல் ஒரு கதையைப் போர்த்தி அனுப்பிவிட்டேன். அதோடு நில்லாமல், அந்தக் கதையை ஆண்டுதோறும் சொல்லி, மற்றப் பிள்ளைகளும் அந்தக் கேள்வியைக் கேட்காதபடி செய்திருக்கிறேன்.

"நீர் சரியாத்தான் கேட்டனீர், பிள்ளை. நான்தான் பார்க்கேல்லை," என்றேன். போனை விமலேஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாயும் முன் யதுர்ஷிகா தாயுடன் என் வீட்டுக்கு வந்தாள். பொறுப்பு கைமாறிவிட்டதால் சின்னத்தையும் என்னிடம் தரவேண்டும் என்பது அவளுடைய நியாயம். பச்சைச் சின்னத்தை ஒரு தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். தாய் கண்ணைத் துடைத்தபடி படலையடியிலேயே நின்றாள். பிள்ளைக்கு இன்னும் எவரும் ஒன்றும் விளக்கவில்லை போலிருந்தது.

"சேர்," என்றாள், "மணிக்குள்ள என்ன இருந்தது?"

என் நாக்கு பழக்கத்தில் அசைந்தது. கலியாண வீடும் மூன்று பேருடைய சாப்பாடும் நுனிவரை வந்துவிட்டன. அவற்றை விழுங்கிவிட்டு அவளுக்கு எதிரே முற்றத்தில் குந்தினேன்; என் முகம் அவளுடைய முகத்துக்கு நேராக வந்தது.

"வெடிமருந்து இருந்தது, பிள்ளை. வால்வரைக்கும் நிரம்ப இருந்தது. எனக்குத் தெரியாது. தெரிஞ்சவையிட்ட நான் கேட்டிருக்க வேணும், கேக்கேல்லை. அதைக் கொண்டுவந்து கட்டி, உங்களை அடிக்கச் சொன்னது நான்தான்."

அவள் அழவில்லை. பயந்தும் தெரியவில்லை. தன் வலது உள்ளங்கையை விரித்து, கம்பி அழுத்தியிருந்த இடத்தை மற்றக் கைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.